ஓவியர் வில்லியம் ஹோகார்த்

1697-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் பிறந்த வில்லியம் ஹோகார்த், படங்களை நிரலே அமைத்துக் கதை கூறுவதில் வல்லவராய் விளங்கினார். இவர்தம் தந்தையார் பள்ளியாசிரியர். இலத்தீன் நூல்கள் இயற்றியும் வறுமை நீங்காது, கடன்பட்டுச் சிறை புகுந்தவர். நூலின் ஊதியம் ஆக்கியோனை விட்டு விற்போனைச் சேர்தலை மைந்தர் இளமையிலேயே கண்டார்.

வெள்ளிக்கலங்களிற் சித்திரம் செதுக்கப் பயின்ற ஹோகார்த், பின்னர்ச் செப்புத் தகட்டிற் படம் வெட்டி அச்சிடலானார். 1724-இல் வெளிவந்த அவர் படத்தை வியாபாரிகள் கள்ளப்பிரதி செய்து மலிவாக விற்றனர். ஆதலின் 1732-இல், நாட்டுப்புறத்தினின்று நகருக்கு வந்து கெட்டழிந்த பெண்ணொருத்தியின் கதையை ஆறு படங்களாக்கி, முன்பணம் பெற்றுத் தாமே விற்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகுதிகள் விலைபோயின. ஆயினும் போலிகள் ஒழிந்தில.

ஓவியர் சிலருடன் கூடிப் பார்லிமெண்டுக்கு விண்ணப்பஞ் செய்தார். தாமே வரைந்து வெட்டிய படத்தின் உரிமை 14 ஆண்டு ஓவியர்க்கே உரியதென 1735-இல் சட்டம் பிறந்தது. எட்டுப் படங்களாலாகிய தம் அடுத்த கதையை, அச்சட்டம் நடைமுறைக்கு வருமளவும் வெளியிடாது பொறுத்திருந்தார். 1764-இல் அவர் இறந்தார். 1767 முதல் 20 ஆண்டுக்கு அப்படங்களின் உரிமையைப் பார்லிமெண்டு அவர் மனைவியார்க்கு அளித்தது.

இருநூறாண்டு கழிந்து, 1938-இல், சூப்பர்மேன் என்னும் சித்திர வீரனைப் படைத்த அமெரிக்க இளைஞர் இருவர், அவன் உரிமை முழுவதையும் 130 டாலருக்குப் பதிப்பகத்தார்க்கு எழுதிக் கொடுத்தனர். கையெழுத்திட்டு விற்றுவிட்ட உரிமையைச் சட்டம் எளிதில் மீட்டுத் தருவதன்று. ஹோகார்த்தோ சட்டத்தையும் பெற்றார். விற்பனையையும் தம் கையினின்று விட்டாரல்லர். தந்தையார் பெறாத பேற்றை மைந்தர் பெற்றது இவ்விரண்டினாலேயாம்.