சாமுராய் வாளை அலங்கரித்த 'ட்சுபா': அள்ளிச் சென்ற பாஸ்டன் டாக்டர் பிகெலோ யார்?

1876-ல் ஜப்பான் அரசு, பொது இடத்தில் வாள் அணிய சாமுராய்களுக்குத் தடை போட்டது. அதே வருஷம் அவர்களின் மானியமும் நின்று, கடன் பத்திரம்தான் கைக்கு வந்தது. வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் ட்சுபா தகடு, தங்கம் இழைத்த குட்டிக் குட்டி உறுப்புகள் எல்லாம் பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

1882-ல் அங்கே போய் இறங்கினார் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகெலோ. ஹார்வர்டில் படித்த டாக்டர். அப்பா பிரபல சர்ஜன். மகனுக்கோ அதில் மனசே ஒட்டவில்லை. சும்மா சுற்றிப் பார்க்கப் போனவர், ஏழு வருஷம் தங்கி பௌத்தராகவே மாறிவிட்டார். நண்பர் மோர்ஸ் பீங்கான்களைத் தேட, இவர் ட்சுபாக்களை வாங்கிக் குவித்தார். காசு கொடுத்துத்தான் வாங்கினார். ஆனா, விற்றவர்களுக்கு வேறு வழி இருந்ததா?

1911-ல் சேகரிப்பை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1926-ல் இறந்தபின் அவர் அஸ்தியில் ஒரு பங்கு ஜப்பானின் மீதேரா கோயிலுக்குப் போனது. ட்சுபாக்கள் பாஸ்டனில்தான் இருக்கின்றன.