எதற்காக ஓடுகிறோம்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம்மிடமே கேட்ட கேள்வி

ஃபஜ்ரு முதல் இஷா வரை நம் நாள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடை, வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீடு கட்டுவது, கல்யாணம், விருந்து. இவை ஹலாலானவைதான். ஆனால் இவற்றை யாருக்காகச் செய்கிறோம் என்று நின்று கேட்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை. அப்படிக் கேட்டதால் வாழ்க்கையே மாறிப்போனவர்களில் ஒருவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) ஈரானின் குராசான் பகுதியிலுள்ள தூஸ் நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். தந்தை கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர் தமது மரண வேளையில், கையிலிருந்த சிறு தொகையோடு இரண்டு பிள்ளைகளையும் நல்லடியாரான ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். அந்தப் பணம் தீர்ந்ததும், சாப்பாடு கிடைக்கும் என்பதற்காகவே பிள்ளைகளை மதரஸாவில் சேர்த்தார் அந்த நண்பர். அல்லாஹ்வுக்காக அல்லாமல் வயிற்றுக்காகத் தொடங்கிய கல்வியை, பின்னாளில் அல்லாஹ் தனக்கே உரியதாக ஆக்கிக்கொண்டான் என்ற கருத்தில் இமாமவர்களே இதை நினைவுகூர்ந்தார்கள்.

நைஷாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். 1091இல், முப்பத்து மூன்று வயதளவில், பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியராக அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களை நியமித்தார். அக்காலத்தில் அதைவிடப் பெரிய கல்விப் பதவி அரிது. முந்நூறு மாணவர்கள் பாடம் கேட்டார்கள். அரசவையில் மதிப்பு, விவாதங்களில் வெற்றி, ஊரெங்கும் புகழ்.

அந்த உச்சியில்தான் இமாமவர்கள் தம் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். மார்க்கக் கல்வி போதிப்பதை விடச் சிறந்த அமல் உண்டா? ஆனால் தம்மை இயக்குவது அல்லாஹ்வின் பொருத்தம் அல்ல, பதவியும் புகழும்தான் என்று அவர்களுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று காலையில் தோன்றும். மாலைக்குள் நஃப்ஸ் வென்றுவிடும். இப்படியே ஹிஜ்ரி 488 ரஜப் முதல் ஏறக்குறைய ஆறு மாதங்கள் போராடினார்கள். கடைசியில் பாடம் நடத்த நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. இது உள்ளத்தின் நோய், மருந்தால் தீராது என்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். வழியற்றவராக அல்லாஹ்விடம் மன்றாடினார்கள். அதன் பிறகே பதவியையும் செல்வத்தையும் விடுவது எளிதானது.

குடும்பத்தை அவர்கள் நிர்க்கதியாக விடவில்லை. பிள்ளைகளுக்குப் போதுமானதை ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 1095இன் இறுதியில் பக்தாத்தை விட்டுக் கிளம்பினார்கள். டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்தார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ், அதன் பின் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கிய ஹெப்ரோன், அங்கிருந்து ஹஜ். பிறகு பிள்ளைகளின் அழைப்பு அவர்களை ஊருக்குத் திரும்ப இழுத்தது. இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல் இந்த ஆண்டுகளின் கனி.

ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் பாடம் நடத்துமாறு ஆட்சியாளரிடமிருந்து அழைப்பு வந்தது. அப்போதும் இமாமவர்கள் அதே கேள்வியைத் தம்மிடம் கேட்டார்கள். இந்தத் தனிமை இன்னும் அல்லாஹ்வுக்காகத்தானா? அல்லது மக்களின் தொல்லையிலிருந்து தப்பிச் சுகமாக இருப்பதற்காகவா? துறவுக்குள்ளும் நஃப்ஸ் ஒளிந்திருக்கலாம் என்று அஞ்சி, 1106இல் நைஷாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் ஆசிரியரானார்கள். பின்னர் தூஸ் திரும்பி, 1111 டிசம்பரில் வஃபாத்தானார்கள்.

கவனித்தீர்களா? விட்டுச் சென்றதும் ஆசிரியப் பணி, திரும்பி வந்ததும் அதே ஆசிரியப் பணி. மாறியது நிய்யத் மட்டுமே.

ஆகவே நாம் கடையைப் பூட்டிவிட்டு மினாராவில் ஏற வேண்டியதில்லை. இஹ்யாவின் 40 பகுதிகளில் ஒன்று நிய்யத்தையும் இக்லாஸையும் பேசுகிறது. அடுத்தது சுய விசாரணையான முஹாஸபாவைப் பேசுகிறது. கூட்டு வியாபாரி தன் பங்காளியிடம் கணக்குப் பார்ப்பது போல நஃப்ஸிடம் கணக்குப் பார்க்கச் சொல்கிறார்கள் இமாமவர்கள். காலையில் அதனோடு ஒப்பந்தம், இரவில் வரவு செலவு. கணக்குப் புத்தகத்தோடு வாழும் நம் குடும்பங்களுக்கு இது புரியாததல்ல.

இன்று இஷா தொழுததும் முஸல்லாவிலேயே ஐந்து நிமிடம் உட்காருவோம். செல்போன் தள்ளியே இருக்கட்டும். இன்று கொடுத்த தர்மம் யார் பார்க்க? பிள்ளையின் மதிப்பெண்ணுக்காக நாம் பதறியது அவனுடைய நன்மைக்கா, உறவினர் முன் நம் கௌரவத்துக்கா? பதில் கசந்தால் தவ்பா செய்வோம். நல்ல செயலை நிறுத்த வேண்டாம், நிய்யத்தைச் சரிசெய்வோம்.

நம் ஓட்டத்தைத் தன் பொருத்தத்தை நோக்கியதாக வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.