அடைபட்ட இதயத்திற்கு வழி திறந்தவர்

மாரடைப்பு என்றவுடன் அது முதியோரின் நோய் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் நம் தந்தையரின் வயதினரையும், அவர்களினும் இளையோரையும்கூட அது தாக்குகிறது. அத்தகையோர் பலர் இன்று மார்பைப் பிளக்காமலே நலம் பெற்று வீடு திரும்ப வழி வகுத்தவர் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் ஆவார்.

இவர் 1939ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ட்ரெஸ்டன் நகரில் பிறந்தார். உலகப் போரில் தந்தையை இழந்தார். தாயின் உழைப்பில் வளர்ந்து, ஹைடல்பெர்க்கில் மருத்துவம் பயின்று, 1969இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியேற்றார்.

அடைபட்ட கால் இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய்களைச் செலுத்தி வழி திறக்கும் முறையை 1964இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் கண்டிருந்தார். அக்குழாயின் நுனியில் ஒரு சிறு பலூனைப் பொருத்தினால் என்ன என்று குருண்ட்சிக் சிந்தித்தார். சாதாரண பலூன் இளகிய பக்கமே உப்பும், அடைப்பை அழுத்தாது. குறித்த அளவுக்குமேல் விரியாத உறுதியான பலூன் தேவைப்பட்டது. பகலெல்லாம் நோயாளரைக் கவனித்துவிட்டு, இரவில் தம் வீட்டு அடுக்களை மேசையில் மனைவியுடனும் உதவியாளருடனும் அமர்ந்து அதை உருவாக்கினார். 1974இல் கால் குழாயில் அது வெற்றி கண்டது. இதயத்திற்கு அது ஆகாது என்று பலர் ஐயுற்றனர். அவரோ முதலில் நாய்களிடம் சோதித்து, பொறுமையுடன் காத்திருந்தார்.

1977 செப்டம்பர் 16ஆம் நாள் வந்தது. நோயாளிக்கு வயது 38தான். குழாய் கிழிந்தால் உடனே அறுவை செய்ய மருத்துவர்கள் ஆயத்தமாக நின்றனர். பலூன் விரிந்தது, அடைப்பு விலகியது, நெஞ்சுவலி நீங்கியது. பத்தாண்டுகளுக்குப் பின் 1987இல் சோதித்தபோதும் அக்குழாய் திறந்தே இருந்தது. அதைக் காணத்தான் குருண்ட்சிக் இல்லை. 1980இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்குச் சென்று பணிபுரிந்த அவர், 1985 அக்டோபர் 27இல் தாமே ஓட்டிய விமானம் விழுந்து மனைவியுடன் மாண்டார். அப்போது அவருக்கு வயது 46.

தம் வெற்றியை மட்டுமின்றித் தோல்வியையும் அவர் மறைக்காமல் வெளியிட்டார். பிற மருத்துவர்கள் காணும்படி சிகிச்சை செய்து, தம் கலையைக் கற்பித்தார். பலூனால் மட்டும் திறந்த குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று சில மாதங்களில் மீண்டும் சுருங்கியது. அதைத் தடுக்க 1986 முதல் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய் வந்தது. ஆண்டவர் அளித்த தாலந்தைப் புதைத்து வைக்காமல் பெருக்கிய ஊழியரை இவர் வாழ்வில் காண்கிறோம்.

ஆயினும் தோழியரே, ஒன்றை மறவாதிருப்போம். இளம் வயதினருக்கு இச்சிகிச்சை பெரும்பாலும் நல்ல பலனே தருகிறது. ஆனால் பலூன் திறப்பது ஓர் இடத்து அடைப்பையே. அடைப்பை உண்டாக்கிய காரணத்தை அன்று. புகைப்பதை விடாமலும், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றை அடக்காமலும் இருந்தால் வேறோர் இடத்தில் அடைப்பு வளரும். இந்தியரை இந்நோய் மேலை நாட்டினரைவிட இளவயதிலேயே பற்றுகிறது என்பதும் மருத்துவர் கண்ட உண்மை. இளமையில் பிழைத்தவருக்கு இன்னும் நெடிய வாழ்நாள் உண்டல்லவா? அதைக் காப்பது அவர்தம் கையிலேயே இருக்கிறது.

ஆகவே, புகைபிடிக்கும் தந்தையரிடமும் அண்ணன்மாரிடமும் அன்புடன் மன்றாடுவோம். உப்பையும் எண்ணெயையும் குறைக்க அன்னையருக்குத் துணை நிற்போம். அந்த மாமனிதருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.