விலை குறிக்கப்படாத மதிப்பு

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 78. அவர் மதுரையில் தொடங்கிய நிறுவனத்துக்கு வயது 44. குடும்பத்தினரின் கையிலேயே இருந்த அந்நிறுவனத்தின் பங்குக்கு, அந்த 44 ஆண்டுகளில் ஒரு நாள்கூடச் சந்தையில் விலை குறிக்கப்பட்டதில்லை. நேற்றைவிட இன்று சொத்து எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று காலையில் எழுந்து பார்க்கும் வசதி அவருக்கு இல்லை. ஆயினும் அந்நிறுவனத்தின் மதிப்பு இன்னதென்பதை, மதுரை வட்டாரத்தில் பேருந்துக்குக் காத்திருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள்.

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம் முன்னாள் மாணவர்கள் அடிக்கடி இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். நண்பர் தொடங்கும் புத்தொழில் நிறுவனத்தில் பணம் போடலாமா என்பது ஒன்று. எந்த நிறுவனத்தின் பங்கை வாங்கலாம் என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றும். ஏஞ்சல் முதலீட்டாளருக்கு முன்னால் விலைப் பட்டியலே இல்லை. பங்கு வாங்குபவருக்கு முன்னாலோ விலை நொடிக்கு நொடி மாறுகிறது. ஆனால் இருவரும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. விலையின் துணையின்றி மதிப்பை அறிய வேண்டும். அதற்குச் சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையை எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம்.

நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877 மார்ச் 22 அன்று பிறந்தவர் அவர். வழக்குரைஞராகத் தொடங்கி, ரயில்வேயிலும் பின்னர் வங்கியிலும் பணிபுரிந்தார். அக்காலத்தில் ஒரு குடும்பம் தன் பிள்ளைக்கு விரும்பக்கூடிய பாதுகாப்பான வேலைகள் அவை. அவற்றை விட்டுவிட்டு 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு பேருந்துச் சேவை ஆரம்பமானது.

அந்தத் துணிவின் அளவை உணரப் பழனி மலைத்தொடரையே பார்க்கலாம். அவர் பிறந்த காலத்தில் கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. மலையடிவாரத்திலிருந்து மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலியிலோ, கால்நடையாகவோதான் ஏற வேண்டும். மோட்டார் வண்டிகள் ஏறத்தக்க மலைப்பாதை வந்தது முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான். சமவெளியிலும் நிலைமை பெரிதும் வேறன்று. ரயில் நிற்கும் ஊருக்கு அப்பால் மாட்டு வண்டியே கதி. மோட்டார் வண்டி என்பது செல்வந்தரின் ஆடம்பரமாக இருந்தபோது, அதில் சாமானியரின் தேவையைக் கண்டவர் அவர்.

தேவையைக் கண்டவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவரை வேறுபடுத்தியது அவர் பேருந்தை ஓட்டிய முறை. ஒரு பேருந்து முதலாளிக்கு இரு வழிகள் உண்டு. இருக்கைகள் நிறையும்வரை காத்திருந்து வண்டியை எடுக்கலாம். அன்றைய வசூல் கூடும். அல்லது, பாதி இருக்கைகள் காலியாக இருந்தாலும் குறித்த நேரத்தில் எடுக்கலாம். அன்றைய வசூல் குறையும், ஆனால் அந்த வண்டியை நம்பிப் பயணி தன் நாளைத் திட்டமிடத் தொடங்குவார். சுந்தரம் ஐயங்கார் இரண்டாவது வழியில் சென்றார். டி.வி.எஸ். பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது மதுரைப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. காலி இருக்கையோடு புறப்பட்ட ஒவ்வொரு வண்டியும் ஒரு முதலீடு. அந்தச் செலவு கணக்குப் புத்தகத்தில் நட்டமாகவே தெரியும். அதன் வருமானம் பல ஆண்டுகள் கழித்து, நற்பெயர் என்ற வடிவில் வரும்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் இல்லாவிட்டால் போக்குவரத்து நிறுவனத்துக்கு வேலையே இல்லை. அப்போது கரியிலிருந்து வாயுவை உண்டாக்கி வண்டியை ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளாண்டை அவருடைய நிறுவனம் வடிவமைத்துத் தயாரித்தது. தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையும் அமைந்தது. வழி அடைபட்டபோது அவர் வழியை மாற்றினாரே தவிர, மக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் நோக்கத்தை மாற்றவில்லை. ஏஞ்சல் முதலீட்டாளர் ஓர் இளைஞரிடம் தேட வேண்டியது இதைத்தான். திட்ட அறிக்கையில் உள்ள ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பு பெரும்பாலும் பலிப்பதில்லை. கணிப்பு பொய்த்த பின் அந்த இளைஞர் என்ன செய்வார் என்பதே கேள்வி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அக்காலத்தில் மோட்டார் தொழிலில் இறங்கி நொடித்துப்போனவர்களின் பெயர்கள் நமக்கு நினைவில்லை. வென்றவரின் வாழ்க்கையை மட்டும் படித்துவிட்டு, உழைப்பும் நேர்மையும் இருந்தால் வெற்றி உறுதி என்று முடிவுகட்டுவது பொருளியல் ஆகாது. அதனால்தான், புத்தொழில் ஒன்றில் பணம் போட விரும்புவோரிடம், முழுவதும் போனாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகையை மட்டும், அதையும் பல நிறுவனங்களில் பிரித்துப் போடுங்கள் என்கிறேன். ஓய்வூதியப் பயனை மகனின் நண்பரிடம் மொத்தமாகக் கொடுப்பதற்கு ஏஞ்சல் முதலீடு என்று பெயரில்லை.

அவருடைய முதலீடுகளில் தொழிற்கணக்கில் சேராதது ஒன்றுண்டு. மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்ணை வீட்டின் மூலையில் அடைத்துவைத்த சமூகத்தில், அவர் மருத்துவம் படிக்கப் பெற்றோர் துணைநின்றார்கள். மருத்துவரான சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் இணைந்து 1947-இல் தொடங்கியது, இன்றும் இயங்கும் காந்திகிராமம். ஒரு மனிதரின் ஆற்றலைப் பிறர் பூஜ்யம் என்று மதிப்பிட்டபோது, அந்த மதிப்பீட்டைப் பெற்றோர் ஏற்கவில்லை. அதனால் பயன்பெற்றது அந்த வட்டாரம் முழுவதும்.

அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டில், மகன் டி.எஸ். சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். லாரி வாங்க விரும்பி, கையில் முழுப் பணம் இல்லாதவர்களுக்குத் தவணைக் கடன் அளித்த நிறுவனம் அது. பின்னர் 1972-இல் மதுரையின் டி.வி.எஸ். பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. தொழிலின் அடித்தளமாக இருந்த பேருந்துகளே போன பிறகும் குழுமம் சரியவில்லை. உதிரிபாகம், நிதி, பின்னாளில் இருசக்கர வாகனம் என அது வளர்ந்தது. வண்டிகள் கைமாறினாலும், வாக்குத் தவறாத நிறுவனம் என்ற பெயர் கைமாறவில்லை.

அமெரிக்காவில் பெஞ்சமின் கிரஹாம் 1934-இலும் 1949-இலும் வெளியிட்ட நூல்களில் மதிப்பு சார் முதலீட்டுக்கு இலக்கணம் வகுத்தார். பங்கு என்பது ஒரு தொழிலின் பகுதி என்பதும், சந்தை கூறும் விலைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதும் அதன் சாரம். நம்மவர் அதற்கு நேர்மாறாகச் செல்வதைச் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் முன்பேர ஒப்பந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தனர். அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். இவர்களில் எத்தனை பேர் தாங்கள் பணம் கட்டிய நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்று கேட்டிருப்பார்கள்?

ஒரு பங்கை வாங்குமுன் என் மாணவர்கள் செய்து பார்க்கச் சொல்லும் சோதனை எளியது. நாளை முதல் பத்தாண்டுகளுக்குப் பங்குச் சந்தை மூடப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்தத் தொழிலில் பங்குதாரராக இருக்கச் சம்மதமா? சம்மதம் எனில் அதன் ஆண்டறிக்கையையும் கடனையும் படியுங்கள், அதன் வாடிக்கையாளர்களிடம் பேசுங்கள், பிறகு விலையைப் பாருங்கள். இல்லை எனில் அந்தப் பணம் வங்கி வைப்பிலேயே இருக்கட்டும். பத்தாண்டு என்ன, 44 ஆண்டுகள் விலையே தெரியாமல் ஒருவர் தொழில் நடத்தியிருக்கிறார்.