எலிகு யேல்: சென்னைத் தேசாதிபதியும் அமெரிக்கக் கல்லூரியும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், பசறை வீதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவர், இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பயில்கின்றார். சென்ற விடுமுறையில் எம்மைக் காண வந்தபோது அவர் கையில் அமெரிக்காவின் தொடக்க கால வரலாற்றைக் கூறும் பாடநூலொன்று இருந்தது. பதின்மூன்று குடியேற்ற நாடுகளுக்கும் பதுளையிலிருக்கும் நமக்கும் யாது தொடர்பு என விளையாட்டாக வினவினோம். அவர் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். யேல் கல்லூரிக்குப் பெயர் தந்தவர் சென்னையில் தேசாதிபதியாக இருந்து பொருளீட்டியவர் என ஒரு வரி அதிற் காணப்பட்டது. அப்பெயர் எமக்குப் புதிதன்று. கொடைச் சிறப்புப் பற்றிக் கட்டுரை எழுதப் பழக்கும்போது, கடல் கடந்த வள்ளல்களின் வரிசையில் எலிகு யேலைப் பல ஆண்டுகளாக நாம் சேர்த்துச் சொல்லி வந்துள்ளோம். இம்மாணவரும் அதனை எம்மிடம் கேட்டு எழுதியவரே. சென்னையில் அவர் செய்தது யாதென்பதை ஏன் சொல்லவில்லை என்று அவர் பணிவோடு கேட்டார். விடை சொல்ல இயலாமல் நின்றோம். அதன்பின் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

எலிகு யேல் 1649 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆந் திகதி பொஸ்டன் நகரிற் பிறந்தார். அந்நகர் தோன்றி அப்போது இருபது ஆண்டுகள் நிறையவில்லை. அவருடைய பாட்டியாரை மறுமணம் புரிந்த தியோபிலஸ் ஈட்டன் என்பவரே நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் தேசாதிபதி. எனினும் எலிகுவுக்கு மூன்று வயதாயிருக்கையில், 1652 இல், குடும்பத்தார் இங்கிலாந்துக்குத் திரும்பினர். அதன்பின் அமெரிக்க மண்ணை அவர் மிதிக்கவேயில்லை.

பொஸ்டன் என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தேயிலையே நினைவுக்கு வருகின்றது. அத்துறைமுகத்திற் கடலில் எறியப்பட்டது சீனத்துத் தேயிலை. அது நிகழ்ந்தது 1773 இல், யேல் இறந்து ஐம்பதாண்டுகளுக்குப் பின். இலங்கையில் வணிகப் பயிராகத் தேயிலை நடப்பட்டதோ 1867 இல். இவற்றை ஒன்றோடொன்று குழப்பிய விடைத்தாள்கள் பலவற்றைத் திருத்திய சலிப்பால் இதனை இடையிற் கூறினோம்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியிற் சேர்ந்த யேல், 1672 இல் சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையை வந்தடைந்தார். எழுதுவினைஞர் பதவி; ஆண்டுக்குச் சம்பளம் 10 பவுண். தோட்டத்துக் கந்தோரிற் புதிதாகச் சேரும் இளங் கிளாக்கரின் நிலையினின்றும் அது பெரிதும் வேறன்று. ஆயினும் கம்பனி ஊழியர் தம் சொந்தக் கணக்கில் ஆசிய நாடுகளிடையே வாணிபம் செய்ய இடமிருந்தது. சம்பளத்தினாற் செல்வரானவர் அக்கோட்டையில் எவருமிலர். சொந்த வாணிபத்தினாற் பலர் செல்வராயினர். யேல் வைரக்கல் வாணிபத்தில் ஈடுபட்டுப் பெரும்பொருள் சேர்த்தார். 1680 ஆம் ஆண்டு நவம்பரில், கோட்டையினுள் அப்போதுதான் கட்டிமுடிந்த புனித மரியாள் ஆலயத்தில், கணவனை இழந்த கத்தரின் ஹின்மர்ஸ் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வாலயத்தில் நிகழ்ந்த முதல் திருமணம் அதுவே. அவர்தம் மைந்தன் டேவிட் நான்கு வயதும் நிறையாமல் 1688 இல் இறந்தான். மகனுக்காகத் தந்தை எழுப்பிய கல்லறை சென்னையில் நெடுங்காலம் நிலைத்தது.

1687 இல் யேல் தேசாதிபதியானார். அவர் காலத்தில், 1688 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆந் திகதி, சென்னை மாநகராட்சி தொடங்கிற்று. 1690 இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டது. கோட்டையைச் சூழ்ந்த நிலத்துக்கு எல்லை வகுத்த விதம் விந்தையானது. பெரும்பீரங்கியை நாற்றிசையும் சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்கள் யாவும் கம்பனிக்குரியன எனக் கொண்டனர். குண்டு கிராமங்கள் என்னும் பெயர் அதனால் வந்தது.

பழைய நூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு அமைந்து, உடனே கொடைக்குத் தாவிவிடும். நாமும் அவ்வாறே தாவினோம்.

யேல் பதவியேற்ற காலத்திற் சோழமண்டலக் கரையிற் கொடும்பஞ்சம் நிலவிற்று. உண்ண வழியின்றி மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு வந்தனர். மனிதர் மலிவாகக் கிடைத்தமையாற் சென்னைத் துறைமுகத்தில் அடிமை வாணிபம் பெருகிற்று. 1687 ஆம் ஆண்டில் ஒரு மாதத்தில் மாத்திரம் குறைந்தது 665 பேர் அங்கிருந்து கப்பலேற்றப்பட்டனர் எனக் கோட்டையின் ஏடுகளைக் கொண்டு ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் பத்து அடிமைகளையேனும் சென் ஹெலனாத் தீவுக்கு ஏற்றிச் செல்லவேண்டுமென்று, யேல் இருந்த ஆலோசனைச் சபை கட்டளையிட்டது. மறு ஆண்டே அதே சபை அடிமை ஏற்றுமதியைத் தடுத்தது. இத்தடையைக் காட்டி யேலை அடிமை முறையை ஒழித்த அருளாளர் எனப் புகழ்ந்தோர் உளர். சபையே குறித்துவைத்த காரணங்கள் வேறு: அண்மையிற் கோல்கொண்டாவை வென்ற மொகலாய அரசு முறைப்பாடு செய்தது, வாணிபத்தில் ஆதாயமும் அருகிற்று. தடையைத் தடையென்றே சொல்லலாம். அருள் என்பதற்கு எமக்குச் சான்று கிடைக்கவில்லை.

இப்பகுதியை எம் மாணவருடன் இருந்து படித்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. ஊவாத் தோட்டங்களிற் பஞ்சம் என்ற சொல் வெறுஞ்சொல்லன்று. தாது வருடப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, தமிழ்நாட்டிலிருந்து பெருந்தொகையினர் இலங்கைக்கு வந்தனர். அவர்தம் வழியினர் இன்றும் நம் லயங்களில் வாழ்கின்றனர். அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டவர்களல்லர். இரண்டையும் ஒன்றெனல் வரலாற்றுப் பிழை. ஆயினும் கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டஞ் செல்லவிடாத துண்டு முறையைச் சட்டத்தால் நீக்க 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பசித்தவன் கரையில் நிற்க, கப்பல் வந்து நின்ற கதை நமக்கு அந்நியமன்று.

யேலின் ஆட்சி இனிதே முடியவில்லை. உடனிருந்த சபையினரோடு பகை முற்றிற்று. பதவியைத் தம் வாணிபத்துக்குப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1692 இல் கம்பனி அவரைப் பதவி நீக்கியது. விசாரணைகள் நீள, 1699 இலேயே இங்கிலாந்து சேர்ந்தார், வெறுங்கையோடு சேரவில்லை.

இனிக் கொடை. கனெற்றிக்கற்று குடியேற்றத்தில் 1701 இல் நிறுவப்பட்ட சிறு கல்லூரியொன்று 1716 இல் நியூ ஹேவனுக்கு மாறிற்று. கட்டடம் எழுப்பப் பணம் போதவில்லை. பொஸ்டன் நகரத்துப் போதகர் கொட்டன் மாதர் 1718 இல் யேலுக்குக் கடிதம் எழுதி, கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டால் அது எகிப்தியரின் பிரமிட்டுகளிலும் மேலான நினைவுச் சின்னமாகும் என ஆசை காட்டினார். யேல் ஒன்பது பொதி சரக்குகளும் 417 நூல்களும் ஜோர்ஜ் மன்னரின் படமொன்றும் அனுப்பினார். பொதிகளிற் காலிக்கோ, மஸ்லின் முதலிய துணிகள் இருந்தன. சரக்கை விற்றதில் 562 பவுணுக்குச் சற்று மேற் கிடைத்தது, கட்டடம் நிறைவெய்தியது, கல்லூரி அவ்வாண்டே யேல் கல்லூரியாயிற்று. அவருக்கு முன்னரே, 1714 இல், நூற்றுக்கணக்கான நூல்களை இலண்டனிலிருந்து சேர்த்தனுப்பிய ஜெரமையா டம்மரின் பெயரை அக்கல்லூரி சூடவில்லை. இம்மலருக்காக நன்கொடையாளர் பட்டியலைப் படியெடுத்தவர்களுள் நாமும் ஒருவர். ஒருநாட் சம்பளம் தந்த கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பெயர்கள், தோட்டத்தின் பெயருக்குள் அடங்கிவிட்டமை அப்போதுதான் எம் மனத்தை உறுத்திற்று.

யேல் 1721 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆந் திகதி இலண்டனிற் காலமாகி, வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் முதுமையில் வரையப்பட்ட ஓவியமொன்றில், பெருமக்கள் சூழ அவர் அமர்ந்திருக்க, கழுத்தில் உலோக வளையம் பூண்ட சிறுவன் ஒருவன் பணிவிடை செய்கின்றான். அவன் பெயர் எவரும் அறியார். அவ்வோவியத்தை 2020 இற் சுவரிலிருந்து இறக்கிய பல்கலைக்கழகக் கலைநிலையம், அச்சிறுவனைப் பற்றி ஆராய்ந்து 2022 இல் மீண்டும் மாட்டியது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 இல் மன்னிப்புக் கோரியது.

எமது பழைய மாதிரிக் கட்டுரையை எடுத்துத் திருத்தினோம். யேலின் பெயரை நீக்கவில்லை. துணிப் பொதிகளுக்கு முன்னே கப்பல்களையும் சேர்த்தோம். கட்டுரை இரண்டு பக்கம் நீண்டுவிட்டது. பரீட்சை மண்டபத்தில் எழுத நேரம் போதாதென இவ்வாண்டு மாணவர் முறையிடுகின்றனர்.