சட்டவேலி வீரர் ரோய் கொக்கிரன்

400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்திற் பத்துத் தடைகள் உள. ரோய் கொக்கிரனோ அவற்றினும் பெரிய தடையொன்றைக் கடக்கவேண்டியவரானார்.

1919 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்த இவர், இந்தியானாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1939 இல் தம் நாட்டின் சட்டவேலி ஓட்ட முதல்வரானார். 1942 இல் 440 யார் தூரத்தை 52.2 செக்கனில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். ஆயின், உலகப் போரினால் 1940, 1944 ஆம் ஆண்டுகளில் ஒலிம்பிக் விழா நடைபெறவில்லை. ஓட்டவீரரின் இளமை எவருக்காகவுங் காத்திராது. போர்க்காலத்திற் கடற்படையிற் பணிபுரிந்த கொக்கிரன், போர் முடிந்தபின் மீண்டும் பயிற்சியில் இறங்கினார்.

1948 இல் இலண்டன் வெம்பிளி அரங்கில், 29 வயதினரான அவர், 51.1 செக்கனில் ஓடிப் புதிய ஒலிம்பிக் சாதனையுடன் தங்கப்பதக்கம் வென்றார். அஞ்சலோட்டத்திலும் அவரது அணிக்கே தங்கம் கிடைத்தது. 1981 இல் அவர் மறைந்தார்.

அச் சட்டவேலி ஓட்டத்தில் 51.8 செக்கனில் இரண்டாமிடம் பெற்றவர் நம் நாட்டு வீரர் டங்கன் வைற் ஆவார். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அவருக்கும் அப்பொழுது வயது முப்பது. முயற்சி கைவிடாதார்க்குத் தாமதம் தோல்வியன்று என்பதை இவ்விருவர் வாழ்விலும் நாம் காண்கின்றோம்.