லண்டன் மரணங்களைக் கணக்குப் போட்ட பேன்சி ஸ்டோர்காரர்... யார் இந்த ஜான் கிராண்ட்?

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலக நாடுகள் அதிகாரப்பூர்வமாகச் சொன்ன கொரோனா மரணங்கள் சுமார் 54 லட்சம். ஆனால் உலக சுகாதார அமைப்பு 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில், நேரடியாகவும் மறைமுகமாகவும் கொரோனாவால் போன உயிர்கள் சுமார் 1 கோடியே 49 லட்சம். எப்படி இவ்வளவு வித்தியாசம்? வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள், அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்த்ததில் வந்த எண் அது. 'கூடுதல் மரணங்கள்' என்று இதைச் சொல்கிறார்கள்.

ஏதோ கம்ப்யூட்டர் காலத்து டெக்னிக் என்று நினைத்துவிட வேண்டாம். 360 வருஷத்துக்கு முன்னாடியே லண்டனில் ஒரு கடைக்காரர் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுவிட்டார். அவர் பெயர் ஜான் கிராண்ட்.

1620 ஏப்ரல் 24-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா துணி வியாபாரி. கிராண்ட் படித்ததும் பழகியதும் கடை வேலைதான். ஊசி, நூல், பொத்தான், ரிப்பன் மாதிரியான சில்லறைச் சாமான்கள் விற்கும் தொழில். நம்மூர் பேன்சி ஸ்டோர் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல பெயர் எடுத்தார், நகர மன்றப் பொறுப்புகளுக்கு வந்தார், நகரப் படையில் மேஜர் வரை உயர்ந்தார். மருத்துவமோ கணிதமோ கல்லூரியில் படித்தவர் இல்லை.

லண்டனில் அப்போது வாரந்தோறும் இறப்புப் பட்டியல் அச்சாகி வரும். யாராவது இறந்தால் சர்ச் மணி அடிக்கும். உடனே 'சர்ச்சர்ஸ்' எனப்படும் வயதான பெண்கள் அந்த வீட்டுக்குப் போவார்கள். உடலைப் பார்ப்பார்கள், அக்கம்பக்கம் விசாரிப்பார்கள், என்ன நோய் என்று முடிவு செய்து சர்ச் எழுத்தரிடம் சொல்வார்கள். செவ்வாய் இரவு கணக்கு போய்ச் சேரும், புதன்கிழமை அச்சு, வியாழக்கிழமை பட்டியல் ரெடி. காசு கட்டி வாங்கியவர்கள் இந்த வாரம் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா என்று பார்ப்பார்கள், அரட்டைக்கு ஒரு விஷயம் கிடைக்கும். பிளேக் காலத்தில் பணக்காரர்கள் எப்போது ஊரைவிட்டுக் கிளம்பலாம் என்று முடிவு செய்வார்கள். அத்தோடு சரி.

கிராண்ட் மட்டும் பழைய பட்டியல்களை எல்லாம் சேர்த்து உட்கார்ந்து கூட்ட ஆரம்பித்தார். 20 ஆண்டுகளின் கணக்கில் மொத்தம் 2,29,250 மரணங்கள். 1662-ல் அதைச் சின்னப் புத்தகமாக வெளியிட்டார்.

கூட்டல் போடுவது யாராலும் முடியும். கிராண்டிடம் இருந்தது சந்தேகம். கடையில் சரக்கும் கல்லாவும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலாளிக்கு வருமே, அந்தச் சந்தேகம்.

சிபிலிஸ் என்ற பாலியல் நோய் அன்றைக்கு லண்டனில் சகஜம். ஆனால் 2,29,250 பேரில் அந்த நோயால் இறந்தவர்கள் என்று பட்டியலில் இருந்தது வெறும் 392 பேர். அதுவும் பெரும்பாலும் இரண்டே வட்டாரங்களில் இருந்து, படுமோசமான விடுதிகள் இருந்த ஏழைப் பகுதிகளில் இருந்து. மற்ற வட்டாரங்களில் யாருக்குமே இந்த நோய் வரவில்லையா என்ன? விசாரித்தபோது விஷயம் புரிந்தது. வீட்டுக்கு வரும் சர்ச்சர் பாட்டிக்கு ஒரு கோப்பை பீரும், வழக்கமான கூலியைப் போல இரண்டு மடங்கும் கொடுத்தால் போதும். மெலிந்துபோன அந்த உடல் காசநோய் கணக்கில் ஏறிவிடும். ஊரே வெறுத்த ஆட்களும், நோய் முற்றி மூக்கே அரித்துப்போனவர்களும் மட்டும்தான் உண்மையான பெயரில் பதிவானார்கள்.

பிளேக்கிலும் இதே கதை. பிளேக் என்று தெரிந்தால் வீட்டையே பூட்டி, உள்ளே இருக்கும் மொத்தக் குடும்பத்தையும் வாரக்கணக்கில் அடைத்துவிடுவார்கள். யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? 1625 பிளேக்கில் பதிவான மரணங்கள் சுமார் 35 ஆயிரம். கிராண்ட் அந்த எண்ணை விட்டுவிட்டுப் பக்கத்து எண்களைப் பார்த்தார். மற்ற நோய்களில் வருஷத்துக்கு 7,000 முதல் 8,000 பேர் இறப்பதுதான் வழக்கம். அந்த ஒரு வருஷம் மட்டும் அது இரண்டு மடங்குக்கும் மேல் எகிறியிருந்தது. அந்த அதிகப்படி எல்லாம் மறைக்கப்பட்ட பிளேக் என்பது அவருடைய முடிவு. பதிவானதைவிடக் கால் பங்கு கூடுதலாகவே பிளேக்கில் இறந்திருக்கிறார்கள் என்று எழுதினார்.

இன்னொரு சிக்கல். அந்தப் பட்டியல்களில் இறந்தவரின் வயதே கிடையாது! குழந்தைகள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எப்படித் தெரியும்? குழந்தைகளுக்கு மட்டுமே வரும் நோய்களைத் தனியாகப் பிரித்துக் கூட்டினார். பெரியம்மை, தட்டம்மை போன்றவற்றில் பாதியைக் குழந்தைகள் கணக்கில் சேர்த்தார். வந்த விடை, பிறக்கும் 100 குழந்தைகளில் 36 பேர் ஆறு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். 16 வயதைத் தாண்டுவது 40 பேர், 36 வயதில் மிஞ்சுவது 16 பேர், 76 வயதில் ஒரே ஒருவர். இதில் குழந்தைக் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் ஊகம்தான். ஆனாலும் நோய் ஒரு ஊரின் ஆயுளை எந்த வயதில் எவ்வளவு தின்கிறது என்று ஒரே அட்டவணையில் காட்டியது அதுதான். 1693-ல் எட்மண்ட் ஹாலி (ஆமாம், வால்நட்சத்திர ஹாலியேதான்) பிரெஸ்லாவ் நகரத்தின் நிஜமான வயதுக் கணக்கை வைத்து இதைச் சரியாகச் செய்தார். இன்று இன்சூரன்ஸ் பிரீமியம் முதல், நோய்களால் மனிதகுலம் இழக்கும் ஆண்டுகளைக் கணக்கிடும் 'நோய்ச்சுமை' ஆய்வுகள் வரை இந்த ரூட்டில் வந்தவையே.

லண்டன் ஜனத்தொகை பற்றியும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. அனுபவசாலிகள் எல்லாம் மில்லியனுக்குக் குறையாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கிராண்ட் கணக்குப் போட்டுச் சொன்னது 3,84,000.

புத்தகம் வந்த 1662-லேயே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. கடைக்காரர்தானே என்று ஒதுக்காமல் அரசர் இரண்டாம் சார்லஸே அவரைப் பரிந்துரைத்தார் என்று சொசைட்டியின் வரலாற்றை எழுதிய தாமஸ் ஸ்ப்ராட் பதிவு செய்திருக்கிறார்.

அப்புறம் சறுக்கல். 1666 லண்டன் பெருந்தீயில் வீடு போனது. கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். கத்தோலிக்கர்கள் மேல் கடும் வெறுப்பு இருந்த காலம் அது. பதவிகள் போயின, தொழில் நொடித்தது. அவர் இறந்த பிறகும் ஒரு வதந்தி விடவில்லை. நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த நியூ ரிவர் கம்பெனியில் இருந்த கிராண்ட், தீப்பிடிப்பதற்கு முன்பே குழாய்களை அடைத்துவிட்டார் என்பது அந்தக் கதை. பிஷப் பர்னெட் எழுதிய வரலாற்றில்கூட இது இடம்பிடித்தது. தீ எரிந்தது செப்டம்பர் முதல் வாரம். கம்பெனி ஆவணங்களின்படி கிராண்ட் அங்கே பொறுப்புக்கு வந்ததோ செப்டம்பர் 25-ல்.

புத்தகத்தை எழுதியதே அவர் இல்லை, அவருடைய படித்த நண்பர் வில்லியம் பெட்டிதான் என்றும் ஒரு பேச்சு நீண்ட காலம் ஓடியது. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் கிராண்ட் பக்கம்தான். 1674 ஏப்ரல் 18-ல், 54 வயது நிறைய ஆறு நாள் இருக்கும்போது மஞ்சள்காமாலையில் இறந்தார். கையில் காசில்லாமல் போன அந்த மனிதரின் இறுதிச் சடங்கில் பெட்டி கண்ணீர்விட்டு நின்றதாக, இருவரையும் அறிந்த ஜான் ஆப்ரே குறித்து வைத்திருக்கிறார்.